தேங்காய்க்கு என்ன டிகிரி?

ஜியாலஜி முதலாம் ஆண்டில் நான் கற்ற ஒரே ஒரு உருப்படியான விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முதலில் தேங்காயைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

போன வாரம் காரியாபட்டியில் என் தாய்மாமா புது வீட்டுக்குப் போர் போட்டார். "மாப்ளே, கல்லு மண்ணெல்லாம் படிச்சவன் நீதானே, ஒரு எட்டு வந்து எடத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போ" என்று அவரேதான் போன் செய்தார். நானும் மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மனையைச் சுற்றி வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். எத்தனை அடிவரை மக்கிய பாறை, எந்த ஆழத்தில் கருங்கல் தொடங்குகிறது என்பதைக் கிணற்றுச் சுவரே காட்டிவிடும். அக்கம்பக்கத்தில் யார் எத்தனை அடி போட்டார்கள், எதில் தண்ணீர் வந்தது, எதில் வெறும் புகை வந்தது என்று விசாரித்தேன். அப்புறம் படித்தவன் சொல்லவேண்டிய விதத்தில் சொன்னேன்.

"மாமா, தெக்கு ஓரமா, கண்மாயப் பாத்தாப்ல போட்டா வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா இது பாறைப் பூமி. உறுதியாச் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி மூன்று சொல்லில் என் மூன்று வருஷப் படிப்பு முடிந்தது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அடுப்படியைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு தேங்காய்.

மிச்சத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நீங்களும் அவர் பின்னாலேயே நடந்திருப்பீர்கள். கையில் கிடத்திய தேங்காய், தண்ணீர் இங்கேதான் என்று எழுந்து நின்றது. எங்கே? ஈசான மூலையில். நான் பார்த்த எந்தத் தேங்காயும் வாஸ்துவுக்கு விரோதமாக எழுந்ததில்லை. கன்னி மூலையில் எழுந்து நின்று, செப்டிக் டேங்க் பிளானை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்திய தேங்காய் ஒன்றை யாராவது காட்டினால், என் பட்டத்தை அதன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தேங்காயை நான் குறைத்துப் பேசவில்லை. சட்னிக்கு அதை விட்டால் ஆளில்லை. ஆனால் ஒரு வேலைக்கு இரண்டு பேர் வந்து நின்றால், இரண்டு பேர் தகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா? மாமா பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன்.

முதலில் பொது ஜியாலஜி. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி வருஷம் என்று ஆரம்பிப்பார்கள். அதைக் கேம்பிரியன், ஆர்டோவிசியன், சைலூரியன் என்று கூறுபோட்டு, வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட் என்ற கடலோரப் பாறைக்குப் படகில் போய், செங்குத்தாக நிற்கும் அடுக்குகளின் தலைமேல் வேறொரு அடுக்கு சாய்ந்து படுத்திருப்பதைப் பார்த்து, இதற்கெல்லாம் சில ஆயிரம் வருஷம் போதவே போதாது என்ற முடிவுக்கு வந்த கதையைப் பத்து மார்க்குக்கு எழுத வேண்டும், படத்தோடு. தேங்காய் பாளை வெடித்துப் பன்னிரண்டு மாதத்தில் முற்றிவிடுகிறது. காலத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அடுத்தது படிகவியல். மரத்தில் செதுக்கிய கட்டைகளைக் கையில் கொடுத்து, இதில் எத்தனை சமச்சீர்த் தளம், எத்தனை சுழற்சி அச்சு என்று கேட்பார்கள். ஏழு படிகத் தொகுதிகள், அவற்றுக்குள் 32 வகுப்புகள். கட்டைகளோ தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் உருட்டி உருட்டி முனை மழுங்கிப்போனவை. கனசதுரமா, எண்முகியா, யாரோ கடித்துவைத்த நெல்லிக்காயா என்று தெரியாத கட்டைக்கு மூன்று பக்கம் விடை எழுதியவன் நான். இந்தத் தாளில் மட்டும் தேங்காய்க்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டென்று ஒத்துக்கொள்கிறேன். மூன்று கண், மூன்று வரம்பு. நேர் நடுவே மும்மடிச் சுழற்சி அச்சு. வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் மூன்றில் ஒரு கண் மட்டும் மெத்தென்று இருக்கும். சமச்சீர் அங்கேயே செத்தது. தேங்காய் பெயில்.

மூன்றாவது கனிமவியல். 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் போட்ட கடினத்தன்மை வரிசை: மாக்கல்லில் தொடங்கி ஜிப்சம், கால்சைட், ஃபுளோரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ், டோபாஸ், குருந்தம், வைரம். நகம் இரண்டரை, பேனாக்கத்தி ஐந்தரை. இதைப் படித்த வாரத்தில் வகுப்பில் ஒருவனும் சும்மா இருக்கவில்லை. ஹாஸ்டல் தட்டு, பஸ் கண்ணாடி, பக்கத்துப் பெஞ்சுக்காரன் கைக்கடிகாரம் என்று எது எதைக் கீறும் என்று சோதித்துப் பார்த்தோம். அப்புறம் கல்லை நக்குவது. சிரிக்காதீர்கள், அதுவும் பாடம்தான். களிமண் கலந்த கல் நாக்கில் ஒட்டும். எனக்கு முன்னால் எத்தனை பேட்ச் அதே மாதிரியை நக்கியிருக்கும் என்ற கேள்வியை அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. தேங்காய் எதையும் நக்கியதில்லை. அதைத்தான் எல்லோரும் வழித்துத் தின்கிறார்கள்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையில் மட்டும் எனக்கு ஊர்ப் பெருமை. பொங்கிய கல்லைத் தூக்கிக் காட்டி, "பந்தல்குடிக் கல்லு சார்" என்றேன். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் ஆர்.ஆர். நகர் ஆலையில் சிமென்ட் ஆகிறது. அந்த லாரிகளுக்கு வழிவிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சுடர்ச் சோதனையில் சிவகாசிப் பையன்கள் எங்களை ஓரங்கட்டினார்கள். கம்பி முனையில் உப்பைத் தொட்டுத் தீயில் காட்டினால் நிறத்தை வைத்துத் தனிமத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அவர்கள், "இது பச்சை மத்தாப்பு சார், இது செவப்பு" என்று முடித்துவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். பச்சை என்றால் பேரியம், சிவப்பு என்றால் ஸ்ட்ரான்ஷியம், மஞ்சள் சோடியம். ஆந்திரத்து மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கிற பேரைட் கல்லில் இருப்பது அந்தப் பேரியம்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று சொன்னபோது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், "நம்ம பிராக்டிகல்ல பாதி போச்சு" என்று வருத்தப்பட்டான். தேங்காய் எந்தக் குழுவிலும் இல்லை.

இன்னும் முடியவில்லை. பாறையியல் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கருங்கல்லுக்கு ஒரு ஜாதகமே உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்லறைமேல் கிடந்த கல்லைத் தாமஸ் ஹாலண்டு என்ற ஜியாலஜிஸ்ட் ஆராய்ந்தார். சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் அதுவும் ஒரே ஜாதி என்று கண்டார். 1893-இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். வெட்டியவன் பெயரில்லை, சுமந்தவன் பெயரில்லை, கப்பலேற்றியவன் பெயரில்லை. அடியில் படுத்திருந்தவர் பெயர். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். நம் ஜில்லாக் குவாரிகளில் முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று உடைபடுவதில் இந்தச் சார்னோக்கைட்டும் அதன் பங்காளி நைஸும் உண்டு. ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன், ஒரு மலைத்தொடரின் அடிவயிற்றில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் நமக்கு அடுத்தடுத்த மனைகள். இத்தனையும் தெரிந்த ஒருவன் வேலியோரம் நிற்கும்போதுதான் மாமா தேங்காய்க்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

களப்பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். டைனோசர் காலத்தில் அங்கே கடல். காரை என்ற ஊருக்கு வெளியே செம்மண்ணும் வெள்ளையுமாக அரித்துக் கிடக்கிற பள்ளங்களில் அந்தக் கடலின் சிப்பியும் சுறாப் பல்லும் பொறுக்கலாம். சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் அதை உலகுக்குச் சொன்னவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன். 1851-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய இந்திய ஜியாலஜிகல் சர்வேக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து இயக்குநரான முதல் இந்தியர். அவர் எழுதிய 'இந்தியா, பர்மா ஜியாலஜி' 1943-இல் வந்தது. தலையணைக்கு அது போதும். நான் மூன்று வருஷமும் அதற்கு அப்படித்தான் மரியாதை செய்தேன். வெயிலில் சுத்தியலும் திசைகாட்டியுமாக நாங்கள் பாறையின் சாய்வை அளந்துகொண்டிருந்தபோது ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "புதையலா தம்பி?" என்றார். இல்லை என்றோம். "பெறகு எதுக்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கவில்லை.

கரிசலும் உண்டு. கறுப்பு மண் எப்படி வந்தது? தக்காணத்து எரிமலைக் குழம்பு ஆறி, பசால்ட் பாறையாகி, அது மக்கி வந்தது. இதைப் பள்ளியில் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தோம். கல்லூரிக்குப் போன முதல் பருவத்திலேயே பேராசிரியர், "காரியாபட்டியில எங்கடா பசால்ட் இருக்கு? ஒரு துண்டு கொண்டா, பார்ப்போம்" என்றார். இருந்தால்தானே கொண்டுபோக? எங்கள் கரிசல், நைஸும் சுண்ணாம்பு கலந்த பாறைகளும் வறண்ட வானிலையில் மக்கி வந்தது. அதிலுள்ள களி ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் நிலம் வெடிக்கும்போது, மேலே கட்டின சுவரும் கூடவே வெடிக்கும். மாமா மனையிலும் மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே மக்கிய பாறை. அஸ்திவாரத்துக்காவது என்னைக் கேட்டாரா? மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி நல்ல நேரம் கேட்டார்.

சரி, தேங்காயின் தகுதிக்கு வருகிறேன். அது பீஸ் கட்டவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதவில்லை. அரியர் வைக்கவில்லை. 75 சதவீத வருகைக்காக யார் காலிலும் விழவில்லை. "ஜியாலஜியா, மேப் வரையிறதா?" என்று பெண் பார்க்கப் போன வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. படித்து முடித்துப் பிழைப்புக்கு வேறு உத்தியோகம் தேட வேண்டிய கதியும் அதற்கு வரவில்லை. போதாக்குறைக்கு, ஓ பாசிட்டிவ் ரத்தக்காரர் கையில்தான் அது எழுந்து நிற்குமாம். என் ரத்தமும் அதுதான். ஆனாலும் என் கையில் ஒரு காயும் அசையவில்லை. படித்திருந்தால் வராதாம்.

ரிக் வண்டி ராத்திரி வந்தது. கரிசலும் சுக்கானும் மக்கிய பாறையும் தாண்டும்வரை கேசிங் இறங்கியது. பிறகு புகை. 200 அடியில் புகை. 400 அடியில் புகை. தெருவில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியெல்லாம் சார்னோக்கைட் நிறம். 620 அடியில் ஈரம் தட்டியது. விடியும்போது கணக்குப் பார்த்தார்கள்: அரை இன்ச் தண்ணீர். கேன் தண்ணீர் போடுகிற பையன் மட்டும் சந்தோஷமாக இருந்தான்.

"என்ன மாமா இப்படி ஆயிருச்சு?" என்றேன், குரலில் எதுவும் தெரியாமல்.

"காய் நின்னுச்சுல்ல? தண்ணி இருக்குன்னுதானே சொல்லுச்சு? எம்புட்டுன்னு சொல்லலையே" என்றார் மாமா. வண்டிக்காரன் கோணலாக இறக்கிவிட்டான் என்பது அடுத்த காரணம். மூன்றாவது காரணம் அத்தையிடமிருந்து வந்தது: "வந்ததும் வராததுமா உறுதியில்லைன்னு இவன்தான் வாய வச்சான்."

ஆக, தண்ணீர் வந்திருந்தால் தேங்காய். வராததற்கு நான்.

இதில் தேங்காய்க்காரரின் மூலதனம் என்ன என்று ஜியாலஜி முதல் வருஷக்காரனே சொல்லிவிடுவான். நம் பாறைப் பூமியில் தண்ணீர் ஓடும் ஆறு எதுவும் கீழே கிடையாது. மேலே மக்கிய அடுக்கில் கொஞ்சம் ஊறும், கீழே பாறை வெடிப்புகளில் கொஞ்சம் கசியும். ஆழம் போகப்போக அந்த வெடிப்புகள் குறுகி மூடிக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான இடங்களில் துளை போட்டால் ஏதோ ஓர் ஆழத்தில் ஏதோ ஓர் ஈரம் தட்டும். காய் பொய்த்தது என்று யாரும் எளிதில் நிரூபிக்க முடியாது. நான் மின்தடைச் சோதனை செய்யலாம் என்றுகூடச் சொன்னேன். நான்கு கம்பியை நட்டு, வெளிக் கம்பிகளில் மின்சாரம் விட்டு, உள் கம்பிகளில் அளந்து கீழே என்ன இருக்கும் என்று கணிப்பது. 1912-இலேயே கான்ராட் ஷ்லும்பெர்ஜெ சோதித்துப் பார்த்த வழி. "அதுல கரெக்டாத் தெரிஞ்சிருமா?" என்றார் மாமா. கரிசல் களியும் உப்புத் தண்ணீரும்கூட மீட்டரில் நல்ல தண்ணீர் வேஷம் கட்டும் என்று உண்மையைச் சொன்னேன். கதை அங்கேயே முடிந்தது.

இது காரியாபட்டி வியாதி மட்டுமல்ல. ஜெர்மனியில் ஜார்ஜ் அக்ரிகோலா சுரங்கத் தொழில் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில், தாது காட்டுமென்று கவட்டைக் குச்சியை நம்பாதே, நிலத்தைப் பார் என்று சுரங்கக்காரர்களுக்குப் புத்தி சொன்னார். புத்தகம் 1556-இல் வந்தது. அவர் அதற்கு முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்தார். குச்சிக்காரர்கள் இதை எப்படி விளக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 1917-இல் அமெரிக்க ஜியாலஜிகல் சர்வே குச்சியால் தண்ணீர் தேடுவதற்கென்றே ஓர் அறிக்கை போட்டு, இனி இதைச் சோதிப்பதே வீண் வேலை என்று முடித்தது. அமெரிக்காவில் இன்னும் குச்சி பிடித்து நடக்கிறார்கள். நம் வராகமிகிரராவது ஆறாம் நூற்றாண்டில் மரத்தையும் புற்றையும் மண்ணின் நிறத்தையும் பார்த்து நீர் சொல்லும் முறையை எழுதினார். சரியோ தப்போ, அந்த மனிதர் குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

உண்மையில் எனக்குக் கோபம் தேங்காய்மேல் இல்லை. தெரிந்த அளவுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்று ஒருவன் நேர்மையாகச் சொன்னால், அவனுக்கு ஒரு டீ கிடைக்கிறது. கண்ணை மூடி "இங்கே 250 அடியில் மூணு இன்ச்" என்று சொல்பவருக்கு வெற்றிலை பாக்கோடு ரூபாய்த் தாள் கிடைக்கிறது. டாக்டரிடமும் இதேதான், வக்கீலிடமும் இதேதான். நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கு இல்லை, தலையாட்டலுக்கு.

முதலில் சொன்ன அந்த உருப்படியான விஷயம் பாக்கி இருக்கிறது. சொல்கிறேன். கல் கொண்டுவருகிறவர்களுக்கான வார்த்தை அது. போர் போட்ட செய்தி பரவி, ஜியாலஜி படித்தவன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், ஈரத்துணியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் கல்லைச் சுற்றிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு போகும்?" ஆகையால் பொது அறிவிப்பு.

வெள்ளையாக இருந்து கண்ணாடியைக் கீறினால் அது வெங்கச்சாங்கல், வைரமில்லை. தகடு தகடாக உரிந்து பளபளத்தால் காக்காப்பொன், பொன்னில்லை. கறுத்து, எண்ணெய் தடவின மினுக்கத்தோடு கனத்தால் சார்னோக்கைட். அதை லாரிக் கணக்கில் விற்கிறார்கள். உருகிக் கறுத்துத் துளை துளையாக இருந்தால் செங்கல் சூளைக் கட்டி. விண்ணிலிருந்து விழவில்லை, அடுத்த ஊரிலிருந்து உருண்டது. சிவப்பாகச் சின்னச் சின்ன மணியாகப் பாறையில் பதிந்திருந்தால் கார்னெட். மாணிக்கமில்லை, மோதிரத்துக்கு ஆசாரியிடம் போக வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் சுக்கான், வெற்றிலைக்கு ஆகாது.

இவற்றில் எதிலும் சேராத கல் கிடைத்தால் எனக்குப் போன் செய்ய வேண்டாம். எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் 55 கோடி வருஷம் இருந்த பொருள் அது.